பிளஸ் டூ இங்கிலீஷ்: எந்த இடத்தில் இடிக்கிறது?

"எனக்கு இங்கிலீஷ் வராது டீச்சர்."

சேரன்மகாதேவிப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் பல வருடமாக மாலை வகுப்பு எடுக்கிறேன். ஒவ்வொரு ஜூன் மாதமும் முதலில் காதில் விழும் வாக்கியம் இதுதான். சொல்கிற பிள்ளையின் முகத்தில் வெட்கம் இருக்கும், கூட வந்த அம்மாவின் முகத்தில் பயம் இருக்கும். பக்கத்தில் உட்கார வைத்து அரை மணி நேரம் பார்த்தால், அந்தப் பிள்ளைக்கு வராதது ஒன்றோ இரண்டோதான் என்று தெரிந்துவிடும். மீதியெல்லாம் அந்த ஒன்றில் தடுக்கி விழுந்தவை.

மோட்டார் ஓடுகிறது, தண்ணீர் ஏறவில்லை என்றால் மெக்கானிக் மோட்டாரையே மாற்றச் சொல்வதில்லை. ஃபுட் வால்வு பிடிக்கிறதா, பைப்பில் எங்கேயாவது காற்று இழுக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பார். இங்கிலீஷையும் அப்படித்தான் பார்க்க வேண்டும்.

முதலில் ஒரு சின்ன சோதனை. தமிழ்ப் பேப்பரில் ஒரு பத்திச் செய்தியைக் கொடுங்கள். பிள்ளை வாசித்துவிட்டுப் பேப்பரை மூடிவைத்து, என்ன செய்தி என்று இரண்டே வாக்கியத்தில் சொல்ல வேண்டும். சொல்ல முடியவில்லை என்றால் கோளாறு இங்கிலீஷில் இல்லை, வாசிக்கும் பழக்கத்தில் இருக்கிறது. அப்படிப்பட்ட பிள்ளைக்கு இரண்டு வாரம் தமிழ்ப் பத்திகளையே கொடுத்துச் சொல்லச் சொல்லிவிட்டு அப்புறம் இங்கிலீஷுக்கு வாருங்கள். இரண்டு வாரம் வீணாகிறதே என்று பதற வேண்டாம். தமிழில் சொல்லிவிட்டால் அடுத்தது, நேற்று என்ன செய்தாய் என்று இங்கிலீஷில் ஐந்து வாக்கியம் எழுதச் சொல்லுங்கள். அந்த ஐந்து வாக்கியத்தைக் கையில் வைத்துக்கொண்டு கீழே உள்ளவற்றில் எது பொருந்துகிறது என்று பாருங்கள்.

எங்கே எவ்வளவு மார்க் இருக்கிறது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். எழுத்துத் தேர்வு 90 மார்க், அகமதிப்பீடு 10. ஒரு மார்க் கேள்வி 20, இரண்டு மார்க் 7, மூன்று மார்க் 7, ஐந்து மார்க் 7 என்று எழுத வேண்டும். ஐந்து மார்க் பகுதி மட்டும் 35. அதில் மூன்று கேள்விதான் பாடத்திலிருந்து எழுதும் பத்தி. நோட் மேக்கிங் அல்லது சுருக்கம், கடிதம் போன்ற எழுத்துவேலை, பிழை கண்டுபிடிப்பது, படிக்காத பத்தியை வாசித்துப் பதில் எழுதுவது எல்லாம் மனப்பாடத்தில் வராதவை. பயந்து ஒதுக்கும் பகுதியில்தான் அவ்வளவு மார்க்கும் கிடக்கிறது.

"வாசிச்சேன், ஆனா மண்டையில நிக்க மாட்டேங்கு"

இதைத்தான் அதிகம் கேட்கிறேன், சரிசெய்யவும் இதுதான் நாளாகும். பிள்ளை ஒவ்வொரு வார்த்தையாகத் தமிழாக்கிக்கொண்டு போகும். ஆறாவது வார்த்தை வரும்போது முதல் வார்த்தை மறந்துபோகும். வார்த்தைக்கு அர்த்தம் தெரியாததுதான் காரணம் என்று அது நினைக்கும். நானும் முதல் சில வருடம் அப்படி நினைத்துத்தான் அகராதியும் கையுமாக வார்த்தைப் பட்டியல் கொடுத்தேன். பட்டியலை ஒப்பித்த பிள்ளைகளும் பத்தியில் மாட்டிக்கொண்டார்கள்.

முடிச்சு விழுகிற இடம் வேறு. இந்த வாக்கியத்தைப் பாருங்கள்: "தி ஓல்ட் மேன் ஹூ ஸோல்ட் ஐஸ் ஆப்பிள் நியர் தி பஸ் ஸ்டாண்ட் ஹேட் நெவர் ஸீன் தி ஸீ." இதில் தெரியாத வார்த்தை ஒன்றுமில்லை. ஐஸ் ஆப்பிள் என்றால் நம் நுங்குதான். ஆனாலும் பாதிப் பிள்ளைகள், பஸ் ஸ்டாண்டு கடலைப் பார்த்ததில்லை என்கிற மாதிரி எதையோ எழுதுவார்கள்.

தமிழில் இதை எப்படிச் சொல்வோம்? "பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நுங்கு விற்ற கிழவர் கடலைப் பார்த்ததே இல்லை." விற்ற என்பது பெயரெச்சம். தமிழ் வகுப்பில் படித்ததுதான். தமிழில் பெயரெச்சம் பெயருக்கு முன்னால் வரும். விற்ற கிழவர், வந்த பஸ், எரிந்த வீடு. இங்கிலீஷில் அதே சங்கதி பெயருக்குப் பின்னால் போய், ஹூ, விச், தட் என்று ஒரு வார்த்தையைத் தலையில் வைத்துக்கொண்டு நிற்கும். நம் கண் கிழவரைப் பார்த்ததும் அவருடைய வினையைத் தேடுகிறது. அகப்படுவது ஸோல்ட். அதைப் பிடித்துக்கொண்டு வாக்கியம் முடிந்துவிட்டது என்று நினைத்துவிடுகிறது.

இதற்கு வழி ஒரு பென்சில்தான். ஹூ, விச், தட் என்று எங்கே பார்த்தாலும் அங்கே அடைப்புக்குறி திறக்க வேண்டும். அதற்குப் பின் வரும் முதல் வினையைத் தாண்டி, இரண்டாவது வினைச்சொல் தொடங்கும் இடத்துக்கு முன்னால் மூட வேண்டும். மேலே உள்ள வாக்கியத்தில் ஹூ-வில் திறந்தால் ஸ்டாண்டில் மூடும். இப்போது அடைப்புக்கு வெளியே இருப்பதை மட்டும் வாசிக்கச் சொல்லுங்கள்: தி ஓல்ட் மேன் ஹேட் நெவர் ஸீன் தி ஸீ. கிழவர் கடலைப் பார்த்ததில்லை. வாக்கியத்தின் எலும்பு அதுதான். அப்புறம் அடைப்பைத் திறந்து, எந்தக் கிழவர் என்று கேட்டால், நுங்கு விற்றவர்.

ஒரு நாளைக்கு ஐந்து வாக்கியம், மூன்று வாரம் செய்தால் பென்சில் இல்லாமலே கண் அடைப்புப் போடப் பழகிவிடும். பாடப்புத்தகத்தின் உரைநடையிலேயே இப்படி வாக்கியங்கள் ஏராளமாக இருக்கின்றன, தனியாக எதுவும் வாங்க வேண்டாம்.

நிஜமாகவே தெரியாத வார்த்தை வந்தால் அதில் நிற்க வேண்டாம். அதன் பக்கத்தில் பட், பிகாஸ், ஸோ, ஹவெவர் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். பட் இருந்தால் அதன் இரண்டு பக்கமும் எதிர்எதிர் அர்த்தம். ஒரு பக்கம் புரிந்தால் மறுபக்கத்தை ஊகித்துவிடலாம்.

"பத்தி புரியுது, பதில் மட்டும் தப்பாப் போகுது"

விடைத்தாளைப் பாருங்கள். பத்தியில் கேள்வியின் வார்த்தை எங்கே இருக்கிறதோ அந்த வரியை அப்படியே தூக்கி எழுதியிருக்கும். "அவர் ஏன் ஊரைவிட்டுப் போனார்?" என்று கேட்டால், ஊரைவிட்டுப் போனார் என்கிற வரியே பதிலாக இருக்கும். ஏன் என்பதற்கான பதில் அதற்கு முந்தைய வரியில் சும்மா உட்கார்ந்திருக்கும்.

காரணம் எளிது. கேள்வியின் முதல் வார்த்தையைப் பிள்ளை வாசிப்பதே இல்லை. ஒய், ஹவ், ஹூ, வென், வேர் எல்லாமே அதற்குக் கேள்விக்குறி போலத்தான். கேள்வியின் முதல் வார்த்தையை வட்டமிட்டு, பக்கத்தில் தமிழில் ஒரே வார்த்தை எழுதச் சொல்லுங்கள். ஏன், எப்படி, யார், எப்போது, எங்கே. பதிலை எழுதிய பிறகு அந்தத் தமிழ் வார்த்தையைப் பதிலிடம் கேட்டுப் பார்க்க வேண்டும். ஏன் என்று கேட்டால் "அதனால்" என்று முடிகிற சேதி பதிலில் இருக்கிறதா? இல்லையென்றால் பத்திக்குத் திரும்ப வேண்டும்.

இன்னொன்று. பத்தியில் "ஐ" என்று இருந்தால் பதிலிலும் "ஐ" என்றே எழுதிவிடுவார்கள். எழுதியவர் தன்னைப் பற்றிச் சொன்னதை நாம் சொல்லும்போது "அவர்" என்று மாற்ற வேண்டும். தமிழில் இதைப் பிள்ளைகள் தப்பாகச் செய்வதே இல்லை. "மாமா நாளைக்கு வாரேன்னு சொன்னா, நீ அம்மாகிட்ட எப்படிச் சொல்லுவ?" என்று கேட்டுப் பாருங்கள். "மாமா நாளைக்கு வாராகளாம்" என்று உடனே வரும். அதே மாற்றம்தான் இது.

"லெட்டர்னா கையே ஓட மாட்டேங்கு"

வெள்ளைத் தாளைப் பார்த்துக்கொண்டு பத்து நிமிடம் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளை எனக்குத் தெரியும். சோம்பல் என்று திட்டிவிடாதீர்கள். உள்ளே ஒரு பெரிய தமிழ் வாக்கியம் ஓடிக்கொண்டிருக்கிறது, அதை அப்படியே இங்கிலீஷாக்க வழி தெரியாமல் நிற்கிறது பிள்ளை.

ஒரு முறை டவுன் பஸ் எங்கள் ஊரில் நிற்பதில்லை என்று கிளை மேலாளருக்குக் கடிதம் எழுதச் சொன்னேன். ஒரு பெண் எழுதவே இல்லை. என்ன எழுத நினைத்தாய், தமிழில் சொல் என்றேன். சொன்னாள்: "காலைல எட்டு மணிக்கு வர வேண்டிய பஸ் எங்க ஊர் ஸ்டாப்புல நிக்காம போயிருதால நாங்க நடந்து மெயின் ரோட்டுக்குப் போயி வேற பஸ் ஏறி லேட்டா பள்ளிக்கூடம் போக வேண்டியிருக்கு." அருமையான வாக்கியம். ஆனால் அதில் எத்தனை எச்சங்கள் இருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். நிற்காமல், நடந்து, போய், ஏறி. தமிழில் வினையெச்சங்களைக் கோத்துக்கொண்டே போய்க் கடைசியில் ஒரே ஒரு முற்றில் முடித்துவிடலாம். அதே கோவையை இங்கிலீஷில் எழுதப் போனால் பிளஸ் டூ பிள்ளைக்கு நூல் அறுந்துபோகும்.

ஆகவே எச்சங்களை எல்லாம் முற்றாக்க வேண்டும். ஒரு பஸ் எட்டு மணிக்கு வருகிறது. அது எங்கள் ஊரில் நிற்பதில்லை. நாங்கள் மெயின் ரோட்டுக்கு நடக்கிறோம். அங்கே வேறு பஸ் ஏறுகிறோம். பள்ளிக்குத் தாமதமாகப் போகிறோம். ஐந்து வாக்கியம் ஆயிற்று. இப்போது இங்கிலீஷ் தானாக வரும்: ஏ பஸ் கம்ஸ் அட் எய்ட். இட் டஸ் நாட் ஸ்டாப் அட் அவர் வில்லேஜ். அந்தப் பெண் அன்று சாயங்காலமே முழுக் கடிதத்தையும் எழுதி முடித்தாள். கொஞ்சம் தைரியம் வந்த பிறகு இரண்டு வாக்கியத்தை ஆண்ட், ஸோ, பிகாஸ் போட்டுச் சேர்க்கக் கற்றுக்கொடுக்கலாம். முதல் மாதமே அவசரப்பட வேண்டாம்.

கடிதத்தின் சட்டம் தனி. அனுப்புநர், பெறுநர், விளிப்பு, பொருள், உள்ளடக்கம், நன்றி, கையொப்பம், இடம், தேதி, கடைசியில் உறைமேல் முகவரி. இதில் இங்கிலீஷ் அறிவு அதிகம் தேவையில்லை, பழக்கம் போதும். அதற்கென்றே மார்க் உண்டு. எத்தனையோ பேர் உறைமேல் முகவரியை மறந்துவிட்டு வருகிறார்கள். அப்புறம், சொந்தப் பெயரையோ பள்ளிப் பெயரையோ கடிதத்தில் எழுதவே கூடாது. கேள்வியில் கொடுத்த பெயரை எழுதலாம், கொடுக்காவிட்டால் எக்ஸ் மூன்றும் ஒய் மூன்றும் போட்டால் போதும்.

"நாலு வரி எழுதினேன், அப்புறம் மறந்துபோச்சு"

நோட்ஸிலிருந்து பத்தியை வரிவரியாக உருப்போட்ட பிள்ளைக்கு வருகிற கோளாறு இது. ஒலியை மட்டும் மனப்பாடம் செய்திருக்கிறது. பாட்டு மாதிரி. நடுவில் ஒரு வார்த்தை நழுவினால் அடுத்த வரி வராது, திரும்ப முதலிலிருந்து ஓட வேண்டும்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையில் தாமிரபரணி ஊருக்குள் வந்தது. பல வீடுகளில் அரிசியோடு புத்தகமும் போயிற்று. நோட்ஸ் நனைந்து கூழாகிவிட்டது. சில நாள் கழித்து, மிஞ்சிய இரண்டு மூன்று புத்தகங்களை நடுவில் வைத்துக்கொண்டு எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்தோம். உருப்போட்டே வந்த பிள்ளைகள் கையில் காகிதம் இல்லாமல் தவித்தார்கள். பாடத்தைக் கதையாகத் தமிழில் சொல்லத் தெரிந்த பிள்ளைகள், புத்தகம் இல்லாமலே சின்னச் சின்ன வாக்கியத்தில் பதில் எழுதிக் காட்டினார்கள். அதற்குப் பிறகு என் வகுப்பில் முறையையே மாற்றிவிட்டேன்.

பாடத்தை முதலில் தமிழில் கதையாகச் சொல்ல வேண்டும். அப்புறம் அந்தக் கதைக்கு எட்டு இங்கிலீஷ் வார்த்தைகளைத் தேர்ந்து, நடந்த வரிசையில் உள்ளங்கை அகலக் காகிதத்தில் எழுதிக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒரு வாக்கியம், தன் சொந்த வாக்கியம். ஒரு வாக்கியம் மறந்தாலும் அடுத்த வார்த்தை கை கொடுக்கும். நோட்ஸில் உள்ள அழகான வாக்கியங்களுக்குக் கிடைக்கும் மார்க்கைவிட அரை மார்க் குறைந்தால் குறையட்டும், பதில் முழுசாக இருக்கும்.

எந்தப் பாடத்தில் ஆரம்பிப்பது என்று கேட்டால் என் பதில் எப்போதும் ஒன்றுதான். 2019-இல் வந்த பிளஸ் டூ இங்கிலீஷ் புத்தகத்தில் இடைசெவல் கி. ராஜநாராயணனின் நாற்காலி கதை மொழிபெயர்ப்பாக இருக்கிறது. கோவில்பட்டிப் பக்கத்து வீடு, நம் பேச்சு, நம் மாமா மச்சான். தமிழ் மூலத்தைத் தேடிப் பிடித்து முதலில் அதை வாசிக்கச் சொல்கிறேன். பிறகு இங்கிலீஷைத் திறக்கும்போது, இன்னார் இதைத்தான் சொல்லப் போகிறார் என்று பிள்ளைக்கு முன்னமே தெரியும். புரியாத வாக்கியமும் புரிந்துவிடுகிறது. இங்கிலீஷ் வாக்கியம் ஒன்று தமிழில் எப்படி இருந்தது என்று ஒப்பிட்டுப் பார்க்க இதைவிட நல்ல இடம் கிடையாது.

"தப்பைக் கண்டுபிடின்னா எல்லாமே சரியாத்தான் தெரியுது"

சரியாகத் தெரிவதற்கு ஒரு நியாயமான காரணம் இருக்கிறது. பிழையாகக் கொடுக்கும் வாக்கியங்களில் பல, தமிழில் யோசித்தால் சரியானவை. எனவே தமிழைக் கொண்டுதான் இவற்றைப் பிடிக்க வேண்டும்.

"ரெண்டு மாங்கா குடுங்க" என்போம். மாங்காய்கள் என்று யாரும் கேட்பதில்லை. எண் முன்னாலேயே சொல்லியாயிற்று, தமிழுக்கு அது போதும். அதனால்தான் "டூ மேங்கோ" நமக்கு உறுத்துவதில்லை. வாக்கியத்தில் எண் இருந்தால், மெனி, ஃப்யூ, செவரல் இருந்தால், பக்கத்துப் பெயரின் வாலைத் தொட்டுப் பார்க்க வேண்டும். எஸ் இருக்கிறதா? சில பெயர்களுக்கு வாலே கிடையாது. அட்வைஸ், ஃபர்னிச்சர், இன்ஃபர்மேஷன், லக்கேஜ். தமிழில் அறிவுரைகள், தகவல்கள் என்று தாராளமாகச் சொல்கிறோம், அதனால் இங்கே ஏமாறுவோம்.

"ஒன் ஆஃப் தி பாய் ஆர் ஆப்சென்ட்" என்று கொடுத்தால் திணறும் பிள்ளையிடம், பையன்களில் ஒருவன் வரவில்லை என்பதைச் சொல்லச் சொல்லுங்கள். பையன்களில் என்று பன்மையாகச் சொல்லும். ஒருவன் என்று ஒருமையில் முடிக்கும். இங்கிலீஷும் அதேதான்: பாய்ஸ் பன்மை, இஸ் ஒருமை. இந்த இடத்தில் இரண்டு மொழியும் ஒன்றுபோலவே நடக்கின்றன.

ஹி, ஷி, இட் வந்தால் வினைக்கு எஸ் சேர்ப்பது. இதைச் சூத்திரமாகச் சொல்லிச் சொல்லி அலுத்துப்போனேன். பிறகு இப்படிக் கேட்டேன்: அவன் வருகிறேன் என்று சொல்வாயா? சிரித்தார்கள். ஏன் சிரிக்கிறீர்கள்? வருகிறான் என்றல்லவா வரணும்! சரி, அந்த "ஆன்" விகுதிதான் இங்கிலீஷில் எஸ். தமிழில் ஆளுக்கு ஆள் விகுதி மாறுகிறது, நான், நீ, அவன், அவள், அது எல்லாவற்றுக்கும் தனித்தனி. இங்கிலீஷ் நிகழ்காலத்தில் ஒன்றே ஒன்றுதான் மாறுகிறது. அந்த ஒன்றையும் விட்டுவிட்டால் "அவன் வருகிறேன்" என்று சொன்னதாகத்தான் அவர்களுக்குக் கேட்கும். அன்றைக்குப் பிறகு எஸ் விடுபடுவது நிறையக் குறைந்தது.

"2010-லேருந்து இங்கதான் இருக்கோம்" என்று நிகழ்காலத்தில் சொல்கிறோம். ஆகவே "வி ஆர் லிவிங் ஹியர் சின்ஸ் 2010" சரியாகத் தெரியும். சின்ஸ் கண்ணில் பட்டால், அன்று தொடங்கி இன்றுவரை தொடர்கிற காரியம் என்றால், ஹேவ் பீன் அல்லது ஹேஸ் பீன் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். "டிஸ்கஸ்ட் அபவுட்" நமக்குச் சரியாகப் படும், ஏனென்றால் தமிழில் பற்றி வேண்டும். இங்கிலீஷில் டிஸ்கஸ் என்ற சொல்லுக்குள்ளேயே அந்தப் பற்றி அடங்கியிருக்கிறது. சீனியர், ஜூனியர், ப்ரிஃபர் மூன்றுக்கும் "விட" என்று நினைத்து "தேன்" என்ற இங்கிலீஷ் சொல்லைப் போட்டுவிடுவோம். அங்கே டு.

"தோ ஹி இஸ் புவர், பட் ஹி இஸ் ஆனஸ்ட்" என்பது தேர்வுக்காரர்களுக்குப் பிடித்த பிழை. அவன் ஏழையாக இருந்தாலும் நேர்மையானவன் என்று சொன்ன பிறகு நடுவில் ஆனால் என்று ஒன்று வைப்பீர்களா? மாட்டீர்கள். இருந்தாலும் என்பதே போதும். அங்கேயும் தோ ஒன்றே போதும்.

ஏ, அன், தி மூன்றும் தமிழில் கிடையாது என்று பிள்ளைகளைப் பயமுறுத்துகிறோம். கதை சொல்லும்போது பாருங்கள். ஒரு ஊர்ல ஒரு ராஜா இருந்தார், அந்த ராஜாவுக்கு ரெண்டு பிள்ளை. முதல் முறை "ஒரு", அடுத்த முறை "அந்த". ஏ என்பதும் தி என்பதும் பெரும்பாலும் அதே வேலையைத்தான் செய்கின்றன. நாம் எல்லா இடத்திலும் சொல்வதில்லை, அவர்கள் விடாமல் சொல்கிறார்கள், அவ்வளவுதான். அயர்லாந்தில் பிறந்து நம் இடையன்குடியில் வாழ்ந்து, 1856-இல் திராவிட மொழிகளுக்கு ஒப்பிலக்கணம் எழுதிய கால்டுவெல் இதே பாதையில் எதிர்த்திசையில் நடந்து வந்தவர். இங்கிலீஷிலிருந்து தமிழுக்கு. அவரால் முடிந்தது என்றால் நம் பிள்ளைகளாலும் முடியும் என்று வகுப்பில் அடிக்கடி சொல்வேன்.

ஏ-யா அன்-னா என்ற சந்தேகத்துக்கு என்னிடம் ஒரு வழி இருக்கிறது, தமிழ்ப் பிள்ளைகளுக்குக் கிடைத்த வசதி. அந்த இங்கிலீஷ் வார்த்தையைத் தமிழில் எழுதிப் பார்க்க வேண்டும். உயிரெழுத்தில் தொடங்கினால் அன். உயிர்மெய்யில் தொடங்கினால் ஏ. மணி நேரத்தைக் குறிக்கும் சொல்லை அவர் என்று எழுதுவோம், அ உயிர், ஆகவே அன் அவர். யுனிவர்சிட்டி யு-வில் தொடங்குகிறது, உயிர்மெய், ஆகவே ஏ யுனிவர்சிட்டி. எம்.எல்.ஏ., எஸ்.ஐ. இரண்டும் எ-வில் தொடங்குவதால் அன். யூரோப்பியன் என்றால் ஏ. ஒன் போன்ற சில வார்த்தைகள் ஏமாற்றும். எழுதும்போது ஒ, வாயில் வருவது வ. ஆகவே ஏ. இப்படிப்பட்ட சில விலக்குகளை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

"ஸ்பெல்லிங் எல்லாம் தப்பு"

எல்லாமும் தப்பாக இருக்காது, சிவப்பு மையில் அடித்ததை எல்லாம் ஒரு தாளில் எழுதி வரிசைப்படுத்துங்கள். பெரும்பாலும் மூன்று குவியலாகப் பிரியும். பெரிய குவியல், தமிழில் ஒரே எழுத்தில் அடங்கும் ஒலிகள். பேக் என்று எழுதினால் பையா முதுகா என்று தெரியாது. பிக் என்றால் பன்றியா பெரியதா என்று தெரியாது. தொண்டையில் விரல் வைத்து இரண்டையும் சொல்லிப் பார்க்கச் சொல்லுங்கள். பெரியது என்ற வார்த்தையைத் தொடங்கும்போதே விரலில் அதிர்வு தெரியும், பன்றியில் கொஞ்சம் தாமதமாகத்தான் தெரியும். பத்து ஜோடி வார்த்தைகளை இப்படித் தொட்டுப் பழகிய பிள்ளைகளுக்கு இந்தக் குவியல் சீக்கிரம் சின்னதாகிறது.

இரண்டாவது, வாயில் வராத எழுத்துகள் உள்ள வார்த்தைகள். அவற்றை எழுதி எழுதித்தான் பழக வேண்டும், வேறு வழியில்லை. மூன்றாவது வெறும் அவசரம்.

"நோட் மேக்கிங்ல எதை எழுத, எதை விட?"

விடுவதைப் பற்றி முதலில் யோசிக்க வேண்டும். உதாரணம், கதை, திரும்பச் சொன்னது, எண்ணிக்கை விவரம் இவற்றைப் பென்சிலால் அடித்துவிட்டால் மிஞ்சுவதுதான் குறிப்பு. தலைப்பு கட்டாயம். முழு வாக்கியம் எழுதக்கூடாது. சுருக்கம் எழுதுவதானால் கொடுத்த பத்தியில் மூன்றில் ஒரு பங்கு, ரஃப் காப்பி, ஃபேர் காப்பி இரண்டும் காட்ட வேண்டும். ரஃப் காப்பியை அடித்துவிட்டு வருவது நல்லது, ஆனால் எழுதாமல் வரக்கூடாது.

"தெரிஞ்ச கேள்விதான், டைம் பத்தல"

மூன்று மணி நேரம் என்றால் 180 நிமிடம். மார்க்குக்கு இரண்டு நிமிடம். நேரம் பற்றாமல் போகும் பிள்ளையின் விடைத்தாளில் முதல் பத்திக் கேள்விக்கு இரண்டரைப் பக்கமும் கடைசிக் கேள்விக்கு நாலு வரியும் இருக்கும். நன்றாகத் தெரிந்ததில் மூழ்கிப்போவதால் வருவது.

நான் சொல்லும் கணக்கு இது. ஒரு மார்க் கேள்விகள் இருபதுக்கும் 20 நிமிடம். இரண்டு மார்க் ஏழுக்கும் 25. மூன்று மார்க் ஏழுக்கும் 35. ஐந்து மார்க் ஒவ்வொன்றுக்கும் 12, ஆக 84. கூட்டினால் 164 நிமிடம். மீதி 16 நிமிடம் திரும்பப் பார்க்க. ஜனவரியிலிருந்தே சுவர்க்கடிகாரத்தை முன்னால் வைத்துக்கொண்டு ஐந்து மார்க் பதிலைப் பன்னிரண்டு நிமிடத்தில் நிறுத்திப் பழக வேண்டும். முடியாவிட்டாலும் பேனாவை வைத்துவிட்டு அடுத்ததற்குப் போக வேண்டும். இது பிள்ளைகளுக்கு மிகவும் வலிக்கும், இரண்டாவது வாரத்தில் பழகிவிடும்.

வினாத்தாள் வாசிக்கத் தரும் முதல் 10 நிமிடத்தில் படிக்காத பத்தியையும் அதன் கேள்விகளையும் ஒரு முறை வாசித்துவிடுவது நல்லது. கடைசிக் கேள்வியாக வருவதால் களைத்துப்போன மூளையோடு அதைத் தொடுகிறோம். முன்னமே ஒரு முறை கண்ணில் பட்டிருந்தால் திரும்ப வரும்போது பழகின முகமாக இருக்கும்.

திரும்பப் பார்க்கும் 16 நிமிடத்தில் முதலில் வினா எண்களைச் சரிபார்க்க வேண்டும். அப்புறம் ஹி, ஷி வரும் இடங்களில் எஸ். அப்புறம் கடிதத்தின் உறைமேல் முகவரி.

"வீட்ல படிக்க முடியல டீச்சர்"

எங்கள் பக்கத்தில் பல வீடுகளில் பீடி சுற்றுகிறார்கள். பத்தமடைப் பக்கம் பாய் நெய்கிறார்கள். பிள்ளையும் கூட உட்கார்ந்து இரண்டு மணி நேரம் வேலை செய்தால்தான் அன்றைய கணக்கு முடியும். பரீட்சை நெருங்கும் சமயத்தில் பங்குனி உத்திரம் வந்துவிட்டால் சாஸ்தா கோயிலுக்குப் போகாமல் இருக்க முடியாது. இவற்றையெல்லாம் நிறுத்திவிட்டுப் படி என்று நான் சொல்வதில்லை. கை வேலை செய்யும்போது வாய் சும்மாதான் இருக்கிறது. ஒரு மார்க் வார்த்தைகள் எழுதிய சின்ன நோட்டு, கோயிலுக்குப் போகும் வேனிலும் கூடவே வரும்.

பெற்றோருக்கு ஒரு சொல். உங்களுக்கு இங்கிலீஷ் தெரியாது என்று தள்ளி நிற்க வேண்டாம். அன்றைக்கு வாசித்த பத்தியைத் தமிழில் சொல்லச் சொல்லி, வேலை செய்துகொண்டே கேளுங்கள். புரியாத இடத்தில் "யாரு? ஏன்? பொறவு என்னாச்சு?" என்று கேட்டால் போதும். என்னிடம் படித்த ஒரு பெண் இப்படித்தான் தினமும் அம்மாவுக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஒரு நாள் நுங்கு விற்ற கிழவரின் வாக்கியத்தைச் சொல்லும்போது அம்மா பீடித் தட்டிலிருந்து தலையைத் தூக்கி, "கடலப் பாத்ததில்லன்னு சொன்னியே, அது கெழவரா, பஸ் ஸ்டாண்டுல நின்ன வேற ஆளா?" என்று கேட்டிருக்கிறார். அவள் பதில் சொல்லாமல் எழுந்துபோய்ப் பென்சிலை எடுத்து, ஹூ-வுக்கு முன்னால் அடைப்புக்குறியைத் திறந்திருக்கிறாள்.